புகழ்பெற்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் புழங்கிய பழைய லைக்கா உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்வது

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: துடைக்காதீர்கள். கறுப்புப் பெயின்ட் உரிந்து பித்தளை தெரிகிற, மூலை நசுங்கின, டேப் ஒட்டிய பசை காய்ந்து கிடக்கிற ஒரு பழைய லைக்கா, அந்தப் பேர்போன ஜெர்மன் கேமரா, கைக்கு வந்ததும் யாருக்கும் வருகிற முதல் ஆசை, ஈரத்துணியை எடுத்து ஒரு துடை துடைத்துப் பளிச்சென்று ஆக்கிப் பார்ப்பதுதான். சாதாரணப் பழைய கேமரா என்றால் அது உங்கள் இஷ்டம். ஆனால் பெயர்பெற்ற ஒரு செய்திப் புகைப்படக்காரர் வருடக்கணக்கில் தோளில் போட்டுக்கொண்டு அலைந்த கேமரா என்றால், அந்தத் தேய்மானமும் பசையும் விளிம்பில் அடைந்த அழுக்கும்தான் அது அவருடையது என்பதற்கு மிஞ்சியிருக்கிற ஆதாரத்தில் பாதி. மீதிப் பாதி காகிதத்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உள்ளே இருக்கிற இயந்திரத்தை ஓட வைக்கலாம், ஓட வைக்கவும் வேண்டும். வெளியே கை வைக்கக் கூடாது. இதற்கு மேல் நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு நிலைப்பாட்டிலிருந்து வருவதுதான்.

லைக்கா எம் வரிசையை வைத்தே எழுதுகிறேன். 1954இல் எம்3, 1950களின் கடைசியில் எம்2, 1967இல் எம்4 என்று வந்த இந்தக் கேமராக்கள்தான் அந்தக் காலத்துப் பத்திரிகைப் படங்கள் பலவற்றை எடுத்தவை. வியட்நாமில் வேலை பார்த்த பலருடைய கழுத்தில் ஒரு லைக்காவும் ஒரு நிக்கான் எஃப்பும் சேர்ந்தே தொங்கின. லைக்காவை எடுத்துக்கொள்ள இன்னொரு காரணம் விலை. டைம்ஸ் சதுக்கத்தில் மாலுமி நர்ஸை முத்தமிடும் படத்தை எடுத்த ஆல்ஃபிரட் ஐசன்ஸ்டாட்டின் லைக்கா 3ஏ, 2013இல் வியன்னா ஏலத்தில் 1,14,000 யூரோவுக்குப் போனது. பெர்லின் ரைக்ஸ்டாக் கட்டடத்தின் மேல் சோவியத் கொடி ஏறும் படத்தை எடுத்த எவ்கெனி கால்தேயின் லைக்கா 2014இல் ஹாங்காங்கில் சுமார் 2 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்றது. லைஃப் பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கனுக்காகவே லைக்கா நிறுவனம் செய்துகொடுத்த நான்கு எம்3டி கேமராக்களில் ஒன்று 2012இல் 16.8 லட்சம் யூரோ. பெயர் சேர்ந்தால் விலை இப்படி எகிறுகிறது, விலை எகிறுகிற இடத்தில் பொய்யும் வந்து சேரும். ஆகவே உங்களிடம் வந்திருப்பது குடும்பச் சொத்தோ, ஏலத்தில் வாங்கியதோ, நண்பர் கொடுத்ததோ, அதை அணுகும் வரிசை ஒன்றுதான்.

உள்ளே ஃபிலிம் இருக்கிறதா பாருங்கள்

கேமராவைத் திறப்பதற்கு முன்பு, ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுப்பதற்கும் முன்பு, இதைச் செய்ய வேண்டும். மேல்பக்கம் இடது ஓரத்தில் ஃபிலிமைத் திரும்பச் சுருட்டும் நாப் இருக்கும் (எம்4இல் சாய்ந்த கைப்பிடி). அதை அம்புக்குறி காட்டும் பக்கம் இரண்டு விரலால் மெதுவாக, மிக மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒன்றிரண்டு சுற்று லேசாகச் சுழன்று அதற்கப்புறம் இறுகினால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. இறுகாமல் சுழன்றுகொண்டே இருந்தால் அநேகமாக இல்லை. அநேகமாக என்றுதான் சொல்கிறேன்: முழுக்கச் சுருட்டி முடித்த ரோல் உறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கலாம், அதற்கு நாப் இறுகாது. அதனால் அடிமூடியை முதல் தடவை கழற்றும்போது இருட்டறையிலோ, ஃபிலிம் மாற்றும் கறுப்புப் பைக்குள்ளோ வைத்துக் கழற்றிவிடுவது நல்லது.

இறுகினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த ரோலில் இருப்பது அவர் கடைசியாக எடுத்த படங்களாக இருக்கலாம், அதன் மதிப்பு கேமராவை விட அதிகமாகவும் இருக்கலாம். பல பத்தாண்டுகள் வளைந்தே கிடந்த ஃபிலிம் நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கும், வேகமாகச் சுருட்டினால் துளை வரிசை கிழிந்துவிடும். முழு இருட்டில் அவசரமே இல்லாமல் சுருட்டி எடுத்து, கறுப்பு டப்பாவில் போட்டு, பழைய ஃபிலிம் கழுவிப் பழகிய லேபுக்குக் கொடுக்க வேண்டும். எந்த வகை ஃபிலிம் என்று உறையில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லுங்கள். கறுப்பு-வெள்ளை என்றால் எச்.சி.-110 போல, பழைய ஃபிலிமில் படிகிற மூட்டத்தைக் குறைவாக வைக்கிற டெவலப்பரில் செய்வார்கள். கோடாக்ரோம் என்றால் வண்ணத்தை மறந்துவிட வேண்டியதுதான்: அதைக் கழுவிய உலகின் கடைசி லேபான கன்சாஸ் மாநிலத்து ட்வெய்ன்ஸ் ஃபோட்டோ 2010 டிசம்பரோடு புது ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது, இப்போது கோடாக்ரோமைக் கறுப்பு-வெள்ளைப் படமாகத்தான் மீட்க முடியும். பக்கத்துத் தெரு ஸ்டூடியோவில் கொடுத்து வண்ண ஃபிலிம் மெஷினில் ஓட விட்டுவிடாதீர்கள், பழைய கறுப்பு-வெள்ளை ரோலாக இருந்தால் படம் மொத்தமும் போய்விடும்.

தொடுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள்

ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஆறு பக்கமும். அப்புறம் கிட்டப் போய் ஒவ்வொரு கீறலையும், நசுங்கலையும், எழுத்தையும், ஒட்டியிருப்பதையும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள். போன் கேமரா போதும். இந்தப் படங்களை வைத்துத்தான் பின்னால் பழைய புகைப்படங்களோடு ஒப்பிடப்போகிறீர்கள், மெக்கானிக்கிடம் கொடுத்து வாங்கும்போதும் இதுதான் உங்கள் கையிலிருக்கிற சாட்சி.

தேடிப் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. அடிமூடியின் வெளிப்புறம்: திருடுபோகாமல் இருக்க மின்பேனாவால் பெயரோ, எண்ணோ, ஏஜென்சியின் சொத்து எண்ணோ பொறித்திருப்பார்கள். அடிமூடியின் உட்புறம்: ரிப்பேர் செய்தவர் தேதியையோ இனிஷியலையோ ஊசியால் கீறி வைத்திருக்கலாம். முன்பக்கத்து எழுத்தின் மேல்: பளிச்சென்று தெரியாமல் இருக்கக் கறுப்பு டேப் ஒட்டுவது அந்தத் தொழிலில் பரவலான வழக்கம், டேப் போனாலும் பசையின் சதுரம் நிற்கும். அந்தப் பசையைச் சுரண்டாதீர்கள். ஸ்ட்ராப், லென்ஸ் மூடி, கிழிந்த பை, பைக்குள் கிடக்கும் ரசீது, விமானச் சீட்டுத் துண்டு, எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, எங்கே இருந்தது என்று மேலே எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்றுவிடும்.

உண்மையிலேயே அவருடையதுதானா?

இந்தப் பகுதிக்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சீரியல் எண்ணிலிருந்து தொடங்குங்கள். எம் கேமராவில் அது மேல்தகட்டில், ஃபிளாஷ் மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். எம்3 வரிசை 7,00,000 என்ற எண்ணில் தொடங்குகிறது. எந்த எண் எந்த வருடத்துத் தயாரிப்பு என்ற பட்டியல்கள் சேகரிப்பாளர்களிடையே நன்றாகப் புழங்குகின்றன, அதற்கும் மேலே ஜெர்மனியின் வெட்ஸ்லாரில் உள்ள லைக்கா நிறுவனத்தின் பழைய டெலிவரிப் பதிவேடுகளில் அந்தக் கேமரா எந்தத் தேதியில் எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்று எழுதிக் கேட்கலாம். 1965இல் அனுப்பிய கேமராவால் 1963இல் நடந்ததைப் படம் எடுத்திருக்க முடியாது. இவ்வளவு எளிய கணக்கிலேயே பல கதைகள் விழுந்துவிடுகின்றன.

அப்புறம் தேய்மானத்தைப் படிக்க வேண்டும். மேஜை விளக்குக்குக் கீழே கேமராவை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நிஜமாக உழைத்த கேமரா ஒரே சீராகத் தேய்ந்திருக்காது. ஸ்ட்ராப் வளையம் இரண்டு பக்கமும் உலோகத்தில் பிறைபோல ஒரு பள்ளம் அறுத்திருக்கும், அந்த வளையம் ஆடி ஆடி உரசின இடத்தில் மட்டும் பெயின்ட் வட்டமாகப் போயிருக்கும். வலது கட்டைவிரல் அழுந்துகிற பின்மூலை, லீவரின் நுனி, ஷட்டர் பட்டனைச் சுற்றி, ஃபிலிம் மாற்ற அடிக்கடி கழற்றின அடிமூடியின் விளிம்பு, இங்கேயெல்லாம் பித்தளை தெரியும். விளிம்பில் தெரிகிற அந்தப் பித்தளை கூராக முடியாது, பெயின்ட் மெல்லிசாகி மெல்லிசாகிப் பழுப்பாகி அப்புறம்தான் மஞ்சளாகும். இரண்டு மூன்று கேமராவைச் சேர்த்து மாட்டிக்கொண்டு ஓடினவர் என்றால் ஒன்றோடொன்று மோதின புள்ளிப்புள்ளியான நசுங்கல் பக்கவாட்டில் இருக்கும். மாறாக எல்லா விளிம்பும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால், விரலே போகாத உள்மூலையிலும் பெயின்ட் இல்லையென்றால், பித்தளையில் ஒரே திசையில் நுண்ணிய கோடுகள் ஓடினால், யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கறுப்பு எம்2, எம்3 என்றால் இன்னொரு சோதனை உண்டு. தொழிற்சாலையிலிருந்தே கறுப்பாக வந்தவை குறைவு, அதனால் வெள்ளி நிற குரோம் கேமராவைப் பின்னால் கறுப்படித்து விற்பது நிறையவே நடக்கிறது. உரிந்த இடத்தில் மஞ்சளுக்குப் பதில் வெள்ளி எட்டிப் பார்த்தால், அது முதலில் குரோம். குரோமைச் சுரண்டிவிட்டு அடித்திருந்தாலும் திருகுக் குழிகளின் ஓரத்திலும் தகட்டின் உள்மடிப்பிலும் கொஞ்சம் வெள்ளி மிஞ்சும், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படக்காரரே தன் குரோம் கேமராவைக் கறுப்படித்து வைத்திருந்ததும் உண்டு, ஆகவே மறுபெயின்ட் என்று தெரிந்தவுடனே போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எப்போது அடித்தது என்பதுதான் கேள்வி.

எம்முக்கு முந்தைய, லென்ஸைத் திருகி மாட்டுகிற லைக்கா என்றால் மோசடி இன்னும் பச்சையாக இருக்கும். சோவியத் யூனியனில் லட்சக்கணக்கில் தயாரான ஃபெட், ஸோர்க்கி கேமராக்களின் மேல் லைக்கா என்று பொறித்து, ஜெர்மன் விமானப்படை முத்திரையும் குத்தி, போர் நிருபர் கேமரா என்று விற்பார்கள். லென்ஸைக் கழற்றி உள்ளே மேல்பக்கம் பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டருக்காக (இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்ய உதவும் அமைப்பு) லென்ஸைத் தொட்டுக்கொண்டிருக்கிற துண்டு அங்கே இருக்கும். லைக்காவில் அது சுழலும் சிறு உருளை. ஃபெட்டிலும் ஆரம்பகால ஸோர்க்கியிலும் அது உருளாத ஆப்பு வடிவத் துண்டு. மேல்தகட்டு எழுத்தை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம், இதை மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை.

கேமரா அவருடையதுதான் என்று நிறுவிவிட்டாலும், குறிப்பிட்ட ஒரு புகழ்பெற்ற படத்தை அதில்தான் எடுத்தார் என்பது தனி வழக்கு. அதற்கு நெகட்டிவ் வேண்டும். ஒவ்வொரு கேமராவிலும் ஃபிலிமுக்கு முன்னால் ஒரு உலோகச் சட்டம் இருக்கிறது, அதன் ஓரத்தில் உள்ள சிறு பிசிறு, மூலையின் வளைவு, ஃபிலிம் துளையிலிருந்து அது நிற்கிற தூரம் எல்லாம் ஒவ்வொரு நெகட்டிவின் விளிம்பிலும் அப்படியே பதியும். உங்கள் கேமராவில் ஒரு ரோல் எடுத்துக் கழுவி, அவருடைய நெகட்டிவின் விளிம்போடு ஒப்பிடலாம். பிரின்ட்டில் விளிம்பை வெட்டியிருப்பார்கள், நெகட்டிவை அதே அளவில் அப்படியே பதித்த கான்டாக்ட் ஷீட்டில் தெரியும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அண்மைக் காலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1972 ஜூன் 8 அன்று வியட்நாமின் ட்ராங் பாங்கில் நாபாம் குண்டில் எரிந்து ஓடிவரும் சிறுமியின் படம். அதை எடுத்ததாக, அசோசியேட்டட் பிரஸ் (ஏபி) செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் நிக் உட்டின் லைக்கா எம்2 வாஷிங்டனில் நியூசியம் அருங்காட்சியகத்தில் பல காலம் காட்சிக்கு இருந்தது. 2025இல் ஏபி நிறுவனம் வெளியிட்ட விசாரணை அறிக்கை, நெகட்டிவ்களை ஆராய்ந்து, அந்தப் படம் பென்டாக்ஸ் கேமராவில் எடுக்கப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. படத்தின் கீழே உள்ள பெயரை ஏபி மாற்றவில்லை, எடுத்தவர் தாமே என்பதில் நிக் உட்டும் உறுதியாக நிற்கிறார், வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்பு மட்டும் பெயரை நிறுத்தி வைத்திருக்கிறது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருந்த கேமராவுக்கே நெகட்டிவின் விளிம்பு கேள்வி கேட்கிறது என்றால், விற்பவர் வாய்மொழியாகச் சொல்கிற கதையை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே யோசியுங்கள்.

காகிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை, உணர்ச்சியே இல்லாமல் எழுதப்பட்டவை: இன்ஷூரன்ஸ் பட்டியல், ரிப்பேர் பில், வெளிநாடு போகும்போது சுங்கத்தில் சீரியல் எண்ணோடு பதிந்த சீட்டு. யாரையும் நம்பவைக்க எழுதாததால் இவற்றுக்கு வலு அதிகம். குடும்பத்தாரின் கடிதம் இருந்தால் அதில் சீரியல் எண் இருக்கிறதா பாருங்கள். எண் இல்லாத கடிதம் எந்தக் கேமராவோடும் ஒட்டிக்கொள்ளும். கடைசியாக, அவர் கேமராவோடு நிற்கிற பழைய படங்களைத் தேடுங்கள். மூலையில் ஒரு நசுங்கல், ஒரு பக்கம் மட்டும் உரிந்த பெயின்ட், இவை இரண்டு மூன்று ஒரே இடத்தில் பொருந்தினால் அதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம். நீங்கள் கேமராவைத் துடைத்துப் பாலிஷ் போட்டிருந்தால் இந்த ஒப்பீடே முடியாமல் போயிருக்கும்.

ஓடுகிறதா என்று சோதிப்பது

லென்ஸைக் கழற்றுங்கள், அடிமூடியை எடுங்கள், பின்கதவைத் தூக்குங்கள். பளிச்சென்ற சுவரைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு 1/1000 நொடி வேகத்தில் லீவரை இழுத்து அழுத்துங்கள். ஷட்டரின் இரண்டு துணித் திரைக்கு நடுவே ஒரு பிளவு ஓடும், கண்ணுக்குச் சட்டம் முழுக்க ஒரே வெளிச்சமாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் இருட்டினால் திரைகள் ஒரே வேகத்தில் ஓடவில்லை. அப்புறம் ஒரு நொடி வேகத்தில் வைத்து அழுத்துங்கள். சீராக ஒரு ரீங்காரம் கேட்டு முடிய வேண்டும், நடுவில் திக்கினாலோ நின்றுவிட்டாலோ உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது. இழுக்கும்போது எங்கேயாவது கல்லில் முட்டின மாதிரி நின்றால் பலம் கொடுக்காதீர்கள்.

மெதுவான வேகங்களை அளக்க உங்கள் போன் போதும். நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கிற ஸ்லோமோஷனில் ஷட்டரைப் படம்பிடித்து, திறந்திருக்கும் ஃபிரேம்களை எண்ணுங்கள்: ஒரு நொடிக்கு 240, 1/30க்கு 8 வர வேண்டும். 1/1000க்கு இது உதவாது, அதற்கு ஒளி உணரி வைத்த கருவி வேண்டும். பழைய எம்மில் 1/1000 என்பது நிஜத்தில் 1/700, 1/800 என்று வந்தால் மனசைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், நெகட்டிவ் ஃபிலிமில் அது தெரியாது.

இருட்டறையில் லென்ஸ் மாட்டுகிற வாய்க்குள் போன் டார்ச்சைக் காட்டிவிட்டுப் பின்னாலிருந்து திரையைப் பாருங்கள். ஊசித்துளை இருந்தால் நட்சத்திரமாக மின்னும். லீவரை இழுத்துவிட்டு இன்னொரு திரையையும் பாருங்கள். இந்தத் துளைகளுக்குக் காரணம் பெரும்பாலும் வெயில்: இந்தக் கேமராவில் லென்ஸுக்கும் திரைக்கும் நடுவே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாததால், மூடி போடாமல் சூரியனைப் பார்க்க வைத்தால் லென்ஸ் நேராகத் திரையில் குவித்துச் சுட்டுவிடும். நீங்கள் எடுத்துப் போகும்போதும் இது பொருந்தும்.

ரேஞ்ச்ஃபைண்டருக்கு: வெகுதூரத்துக் கோபுரத்தையோ செல்போன் டவரையோ பார்த்து லென்ஸை முடிவிலியில் வையுங்கள், இரண்டு பிம்பமும் ஒன்றாக வேண்டும். ஒன்று மேலே ஒன்று கீழே நின்றால் செங்குத்துச் சீர் போயிருக்கிறது. பிறகு அளவுநாடா வைத்து ஒரு மீட்டரில் சரிபாருங்கள். எம்3 வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, உள்ளே கண்ணாடித் துண்டுகளை ஒட்டியிருக்கும் பழைய பால்சம் பிசின் காய்ந்துபோயிருக்கும், ஒரு நல்ல இடி வாங்கினால் பிரிந்து வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். கூரியரில் அனுப்பும் முன் ஒன்றுக்கு மூன்று முறை யோசியுங்கள்.

லென்ஸின் முன்பக்கத்தில் வட்ட வட்டமாக மெல்லிய கீறல் அநேகமாக இருக்கும். சட்டை நுனியில் துடைத்துத் துடைத்து வந்தது அது. இருந்துவிட்டுப் போகட்டும், படத்தில் எதிர்வெளிச்சம் விழுந்தால் மட்டும் கொஞ்சம் மங்கும். டார்ச் அடித்துப் பார்த்து உள்ளே வேர்போலக் கிளைத்த பூஞ்சை தெரிந்தால் அதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது, பூஞ்சை கண்ணாடியையே அரிக்கும்.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது

லைக்கா எம்மைத் திறந்து மூடத் தெரிந்தவர் எல்லா ஊரிலும் இல்லை, தேடி அனுப்பத்தான் வேண்டும். வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள். பெயின்ட் அடிக்க வேண்டாம். பாலிஷ் போட வேண்டாம். மேலே இருக்கும் வல்கனைட் (கெட்டி ரப்பர்) உறையை மாற்ற வேண்டாம், உடைந்து விழும் துண்டுகளை எடுத்து வைக்கவும். நசுங்கலை நிமிர்த்த வேண்டாம். உள்ளே சுத்தம் செய்து, எண்ணெய் இட்டு, வேகங்களைச் சரிசெய்யவும். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைத் திருப்பித் தரவும், கிழிந்த ஷட்டர் திரையாக இருந்தாலும். உள்ளே யாராவது தேதி கீறியிருந்தால் அழிக்காமல் படம் எடுத்து அனுப்பவும். நல்ல மெக்கானிக் இதைப் படித்துக் கோபப்பட மாட்டார், சந்தோஷப்படுவார். அதெல்லாம் எதற்கு சார், புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று சொல்பவரிடமிருந்து கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வெளியே நீங்கள் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். மென்மையான பிரஷ், காற்று ஊதும் பந்து, அவ்வளவுதான். வியர்வை பட்டுத் திருகுகளைச் சுற்றியும் ஸ்ட்ராப் கண்ணிலும் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் மரப் பல்குச்சியால் மெல்ல எடுக்கலாம், ஏனென்றால் அது பித்தளையைத் தின்றுகொண்டே இருக்கும். படம் எடுத்து வைத்த பிறகு எடுங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரே, பித்தளைப் பாத்திரம் தேய்க்கிற பாலிஷ், ஸ்பிரிட் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

ஃபிலிம் போட்டு எடுங்கள்

அலமாரியில் பூட்டி வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஓடாத ஷட்டர் இறுகிவிடும், ஓடினால்தான் நீடிக்கும். அதோடு, ஒருவருடைய படங்களை வருடக்கணக்காகப் பார்த்தவருக்கு அவர் கண் வைத்த அதே வ்யூஃபைண்டரில் கண் வைப்பது சின்ன விஷயமே இல்லை.

எம்2, எம்3இல் ஃபிலிம் கீழே இருந்து போகிறது. அடிமூடியைக் கழற்றி, வெற்றுச் சுருளை வெளியே உருவி, ஃபிலிம் நுனியை அதன் பிளவில் செருகி, இரண்டையும் ஒன்றாக உள்ளே இறக்க வேண்டும். பின்கதவு வழியே பல்சக்கரத்தில் துளைகள் உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். நாப்பைத் திருப்பித் தொய்வை எடுத்துவிட்டு லீவரை இழுக்கும்போது நாப்பும் சேர்ந்து எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். சுழலவில்லையென்றால் ஃபிலிம் ஏறவில்லை. எம்2இல் படக் கணக்கைக் கையால் பூஜ்யத்துக்குத் திருப்பி வைக்க மறக்க வேண்டாம். ஒரு பாழான ரோலை வைத்துப் பழகிவிட்டு நல்லதைப் போடுங்கள்.

எந்த ஃபிலிம் என்றால், கோடாக் ட்ரை-எக்ஸ். 35 மி.மீ. அளவில் அது 1954இல், எம்3 வந்த அதே வருடம் வந்தது, அடுத்த பல பத்தாண்டுகளின் பத்திரிகைப் படங்கள் இந்த ஜோடியில் பிறந்தவை. இந்தக் கேமராக்களில் ஒளிமானி கிடையாது, தேவையும் இல்லை. ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு நல்ல வெயிலில் லென்ஸ் துவாரம் எஃப்/16, ஷட்டர் வேகம் 1/500. மேகம் மூடியிருந்தால் எஃப்/8. திறந்த நிழலில் எஃப்/5.6. நெகட்டிவ் ஃபிலிம் மன்னிக்கும், சந்தேகம் வந்தால் ஒரு படி கூடவே திறங்கள்.

ஃபோகஸுக்கு ஒவ்வொரு முறையும் ரேஞ்ச்ஃபைண்டரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டிருந்தால் தெருவில் நடக்கிறது நடந்து முடிந்துவிடும். 35 மி.மீ. லென்ஸை எஃப்/8இல் 3 மீட்டரில் வைத்துவிடுங்கள். ஏறக்குறைய 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை கூர்மையாக இருக்கும். அப்புறம் உங்கள் வேலை நடந்து அந்தத் தூரத்துக்குள் போவது மட்டும்தான்.

மாட்டுகிற விதத்தில் ஒரு எச்சரிக்கை. அவருடைய பழைய ஸ்ட்ராப்பைப் பயன்படுத்தாதீர்கள், எடுத்து வைத்துவிடுங்கள். கேமராவின் ஸ்ட்ராப் கண் எவ்வளவு அறுபட்டிருக்கிறது என்று பாருங்கள்: பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அதில் தொங்கவிடவே கூடாது, ஒருநாள் அறுந்து கீழே விழும். அடிமூடியோடு சேர்த்துப் பிடிக்கிற அரைப்பையில் போட்டுப் பையில் ஸ்ட்ராப் மாட்டலாம். தேய்மானம் குறைவாக இருந்தால் உலோக வளையத்துக்குப் பதில் மெல்லிய நூல்கயிறு போட்டுக்கொள்ளுங்கள்.

வைக்கிற இடம்

தோல் பெட்டிக்குள் வைக்காதீர்கள். பழைய தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு இல்லை. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள்ளேயே துணி காயாது, லென்ஸ் எப்படித் தாங்கும். ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்துகிற உலர் அலமாரி வாங்கிவிடுங்கள், கேமராவின் மதிப்புக்கு முன்னால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை. முடியாவிட்டால் காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. ஜெல் நிறம் மாறினதும் வறுத்து எடுத்துப் போட வேண்டும். அதற்காக ஒரேயடியாக வறட்சியாகவும் ஆக்கிவிடாதீர்கள், பால்சமும் வல்கனைட்டும் காய்ந்தால் உடையும். ஷட்டரை இழுத்த நிலையில் வைத்து மூட வேண்டாம். மாதம் ஒருமுறை எடுத்து, எல்லா வேகத்திலும் இரண்டு மூன்று தடவை அழுத்திவிட்டு வையுங்கள்.

கேமராவுக்கென்று ஒரு நோட்டு போடுங்கள். பாடியின் சீரியல் எண், லென்ஸின் எண், யாரிடமிருந்து எப்போது வந்தது, எந்த மெக்கானிக் எதைத் தொட்டார், நீங்கள் எந்தத் தேதியில் எந்த ரோல் போட்டீர்கள் என்று பேனாவால் எழுதுங்கள். நீங்கள் புதிதாக ஒரு கீறல் போட்டுவிட்டால் அதையும் தேதியோடு எழுதிப் படமும் ஒட்டிவிடுங்கள், பின்னால் வருகிறவர் அதை அந்தப் புகைப்படக்காரர் போட்ட கீறலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நோட்டின் ஒரு நகலைக் கேமரா இல்லாத வேறு இடத்தில் வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்கு அது எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள்.